தேரை விட்டிறங்கிய சிற்பங்கள்

தேர்ச் சிற்பம் தனித்து நிற்பதற்கென்று செய்யப்படுவதில்லை. தேரின் அடிப்பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கனத்த உத்தரங்களுக்கு இடையே, இன்ன அடுக்கு, இன்ன முகம், இன்ன மூலை என்று குறித்து, அந்த இடத்தின் அளவுக்கே அறுத்துச் செதுக்கிப் பொருத்தும் மரத்துண்டு அது. பக்கத்தில் எந்தச் சிற்பம் இருக்கிறது, மேலே எந்தத் தெய்வம் எழுந்தருளுகிறது, எந்த ஊர் வீதியில் அந்தத் தேர் ஓடியது என்பவையெல்லாம் சேர்ந்துதான் அதன் பொருள். தேர் பிரிக்கப்பட்டு, பலகைகள் கைமாறி, ஒன்று கடைத்தெருவுக்கும் இன்னொன்று கடல் கடந்த அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சேர்ந்தபின் மிஞ்சுவது, “தென்னிந்தியா, 18 அல்லது 19ஆம் நூற்றாண்டு” என்ற ஒற்றை வரிச் சீட்டு. அந்தச் சீட்டில் ஓர் ஊரின் பெயரை எழுத முடியுமா என்று தேடுவதே தேர்ச் சிற்பங்களின் பூர்வீக ஆய்வு.

அந்தத் தேடல் கடைத்தெரு, தேரடி, கற்கோயில், சிற்பப் பட்டறை, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் என்று ஆறு வகை இடங்களைக் கேட்கிறது. காரைக்குடியில் புறப்பட்டுத் திருவாரூர், தாராசுரம், அரும்பாவூர், புதுச்சேரி வழியாகச் சென்னையில் முடியும் பாதை இந்த ஆறையும் வரிசையாகத் தொட்டுச் செல்கிறது.

காரைக்குடி: பலகையின் முதுகு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்தபோது வந்த பர்மாத் தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், எனாமல் பாத்திரங்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், அஞ்சறைப் பெட்டிகள் ஆகியவற்றுக்கு நடுவே மரச்சிற்பங்களும் சாத்திக் கிடக்கின்றன. அவற்றில் நிலைப்படியின் மேல் இருந்த வீட்டுச் சிற்பம் எது, வாகனத்திலிருந்து கழன்றது எது, தேரிலிருந்து இறங்கியது எது என்று பிரித்தறிவதே முதல் வேலை. வீட்டு நிலையில் வரும் கஜலட்சுமி வெயிலும் மழையும் அதிகம் படாதவள். அவளுடைய மெருகு குலைந்திருக்காது. தேர்ச் சிற்பமோ ஆண்டெல்லாம் வெட்டவெளியில், மிஞ்சினால் ஒரு கீற்றுக் கொட்டகையின் கீழ் நின்றது. மரத்தின் மென்பகுதி தேய்ந்து, ரேகைகள் வரிவரியாக மேலே எழும்பியிருக்கும்.

தேர்ப் பலகைகளில் அடிக்கடி காணப்படும் பிட்சாடனரை எடுத்துக்கொள்ளலாம். இடுப்பில் பாம்பு, காலில் பாதக்குறடு, கீழ் வலக்கையை நோக்கித் தாவி எழும் மான், பக்கத்தில் தலைமேல் பிச்சைப் பாத்திரம் சுமக்கும் குள்ளப் பூதம். முன்பக்கம் இது சிவனின் வடிவம் என்றும், சைவக் கோயில் தேரிலிருந்து வந்தது என்றும் சொல்கிறது. ஆனால் பிட்சாடனர் இல்லாத சிவாலயத் தேர் அரிது என்பதால் முன்பக்கம் அதற்குமேல் பேசாது. பலகையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

முதுகில் வாய்ச்சியால் கொத்திய பள்ளங்கள் மீன் செதிள்போலப் படர்ந்திருந்தால் அது கையால் பதப்படுத்திய மரம். நேர்க்கோடாக ஒரே இடைவெளியில் ரம்பத்தின் தடம் ஓடினால் இயந்திரத்தில் அறுத்தது. மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் கழுந்துகள் உத்தரத்தின் துளைக்குள் இறங்கியவை. அவற்றின் அகலமும் நடுவிலிருந்து விலகிய அளவும் ஒரு தேருக்கும் மற்றொரு தேருக்கும் வேறுபடும். கொல்லர் அடித்த ஆணி சதுரத் துளையை விட்டுச் செல்லும். ஆலைக் கம்பி ஆணியின் துளை வட்டமாக இருக்கும். இடுக்குகளில் எண்ணெயும் புகையும் விபூதியும் ஒன்றாக இறுகிக் கல்போல ஆகியிருந்தால், அது பல தலைமுறைத் திருவிழாக்களின் படிவு. புதிய சிற்பத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கரியும் எண்ணெயும் பூசிப் பழையதாக்கி விற்பதும் உண்டு. அப்படிப்பட்டதில் தேய்மானம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும். உண்மையான தேர்ப் பலகையில் வெயில் பட்ட முகம் ஒரு விதமாகவும், உத்தரத்துக்குள் மறைந்திருந்த விளிம்பு வேறு விதமாகவும் இருக்கும்.

விளிம்பின் சாய்வு இன்னொரு சாட்சி. சிற்ப நூல் மரபில் சதுர அடித்தளம் கொண்ட தேர் நாகரம், பல கோணங்கள் கொண்டது திராவிடம், வட்டமானது வேசரம். எண்கோணத்தின் உள்கோணம் 135 பாகை. அதன் மூலையில் இரு பலகைகள் சேர வேண்டுமானால் ஒவ்வொன்றின் விளிம்பையும் 67½ பாகைக்குச் சாய்த்து அறுக்க வேண்டும். ஒரு பலகையின் ஓரத்தில் அந்தச் சாய்வு தெரிந்தால், அது சதுரத் தேரிலிருந்து வரவில்லை என்று தேர் இல்லாமலேயே சொல்லிவிடலாம்.

திருவாரூர்: அடுக்குகளின் முகவரி

காரைக்குடியிலிருந்து ரயில் பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வழியாகத் திருவாரூரை அடைகிறது. செம்மண் பொட்டலும் கண்மாயுமாகத் தொடங்கும் நிலம் மெல்ல மெல்ல வாய்க்காலும் வயலுமாக மாறுகிறது. தியாகராஜர் கோயிலின் ஆழித்தேர் கீழவீதியில் தன் நிலையில் நிற்கிறது. மூங்கிலும் துணியும் கொண்டு அலங்கரித்து எழுப்பினால் அதன் உயரம் 96 அடி. திருவிழா முடிந்ததும் மேல்கட்டுமானம் அவிழ்க்கப்படும். எஞ்சி நிற்கும் மரப்பகுதிதான் சிற்பங்களின் வீடு.

இந்த மரப்பகுதிக்கு அடுக்குவாரியாகப் பெயர்கள் உண்டு: பூதப்பார், சிறு உறுதளம், பெரிய உறுதளம், நடகாசனம், விமாசனம், தேவாசனம், சிம்மாசன பீடம். பெயர்களே ஓர் ஒழுங்கைச் சொல்கின்றன. தேர்களின் கீழடுக்குகளில் பாரம் தாங்கும் பூதங்கள், யானை வரிசைகள், வேட்டைக் காட்சிகள், நடன மாதர், இணைவிழைச்சுச் சிற்பங்கள் ஆகியவை பெரும்பாலும் இடம்பெறும். மேலே போகப்போகப் புராணக் கதைகளும், அதற்குமேல் தெய்வ வடிவங்களும் வரும். மூலைகளிலிருந்து யாளிகளும் குதிரை வீரர்களும் வெளியே பாய்வார்கள். முன்புறம் மரக்குதிரைகளும், அவற்றின் கடிவாளத்தைப் பிடித்த பிரம்மனும் நிற்பார்கள். முப்புரம் எரிக்கச் சிவன் ஏறிய தேருக்குப் பூமியே தட்டு, சூரிய சந்திரரே சக்கரம், வேதங்களே குதிரை, பிரம்மனே பாகன் என்பது புராணம். சிவாலயத் தேர் ஒவ்வொன்றும் அந்தத் தேரின் நகல் என்பதால்தான் பிரம்மனுக்கு அந்த இடம்.

தனியாகக் கிடைக்கும் ஒரு சிற்பத்தின் உயரம், கருப்பொருள், தேய்மானம் மூன்றையும் இந்த ஒழுங்கோடு ஒப்பிட்டால் அது எந்த அடுக்கில் இருந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். குட்டையான அகலப் பலகையில் யானைகள் வரிசை என்றால் கீழடுக்கு. நெட்டையான கட்டையில் ஒற்றைத் தெய்வ உருவம் என்றால் மேலடுக்கு. ஒரு பக்கம் மட்டும் கழுந்து நீண்டு, முன்னோக்கி வளைந்த யாளி என்றால் மூலைத் தாங்கி.

திருவாரூர் கற்றுத்தரும் இரண்டாவது பாடம் காலத்தைப் பற்றியது. பழைய ஆழித்தேர் 1920களில் தீயில் எரிந்தது. புதிதாகச் செய்த தேர் 1930இல் ஓடியது. பின்னர் ஓட்டம் நின்று, 1970இல் மறுபடியும் தொடங்கியது. திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. ஆக, திருவாரூர்த் தேரோட்டம் மிகப் பழமையானது. ஆனால் இன்று ஓடும் தேரின் மரம் ஒரு நூற்றாண்டுக்கு உட்பட்டது. தேரின் வயதும், திருவிழாவின் வயதும், கோயிலின் வயதும் மூன்று வேறு கணக்குகள். பழுதான பலகையை மட்டும் மாற்றும் வழக்கம் இருப்பதால் ஒரே தேரில் தாத்தா செதுக்கியதும் பேரன் செதுக்கியதும் அருகருகே இருக்கக்கூடும். கடைக்காரர் கோயிலின் வயதைச் சிற்பத்தின் வயதாகச் சொல்லும்போது ஆய்வாளர் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு இது.

தாராசுரம்: கல்லில் நிற்கும் சாட்சி

மரம் அழியும். இன்று கிடைக்கும் தேர்ச் சிற்பங்களில் பெரும்பாலானவை நாயக்கர், மராட்டியர், சேதுபதிகள், பிறகு நகரத்தார் திருப்பணிகள் நடந்த காலங்களைச் சேர்ந்தவை. அதாவது 17 முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. அதற்கு முந்தைய தேர் எப்படி இருந்தது என்பதைக் கல்தான் காட்ட வேண்டும். கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய ராஜகம்பீரன் திருமண்டபம் தேராகவே அமைந்திருக்கிறது. படிக்கட்டின் பக்கவாட்டில் சக்கரமும், அதை இழுத்துப் பாயும் குதிரையும் உள்ளன. காட்டுமன்னார்கோயில் பக்கம் மேலக்கடம்பூர் அமிர்தகடேசுவரர் கோயிலின் விமானமும் சக்கரங்களோடு கூடிய தேர் வடிவம். அது முதலாம் குலோத்துங்கன் காலத்தது. முன்னதில் மண்டபம், பின்னதில் கருவறை என்று கட்டடமே தேராகிறது.

தாராசுரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. மூலக்கோயிலின் அடித்தளத்தில் நாயன்மார் வரலாறுகள் ஒரு சாண் உயரக் கற்களில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கண்ணைத் தோண்டும் கண்ணப்பரையோ, முதலை வாயிலிருந்து மீளும் சிறுவனையோ ஒரு தேர்ப் பலகையில் காணும்போது, காட்சி எந்தத் தருணத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, எத்தனை பேரைக் கொண்டு கதையைச் சொல்கிறது என்பதை இந்தக் கற்களோடு வைத்துப் பார்க்கலாம். கல்லின் காலமும் மரத்தின் காலமும் பல நூற்றாண்டு தள்ளியிருந்தாலும் கதை சொல்லும் முறை தொடர்ந்து வந்திருக்கிறது. மாறியவை உடை, கிரீடம், கொண்டை, ஆயுதம். தொப்பி வைத்த ஐரோப்பியரும் துப்பாக்கி ஏந்திய சிப்பாயும் ஒரு பலகையில் வந்துவிட்டால், அது சோழர் காலத்தது என்ற பேச்சுக்கு அங்கேயே முற்றுப்புள்ளி.

ஊரைக் கண்டுபிடிக்க உதவும் மிகப் பெரிய துணை தலபுராணம். பிட்சாடனரும் கஜசம்ஹாரரும் எங்கும் உண்டு. ஆனால் யானையும் சிலந்தியும் லிங்கத்தைப் பூசிக்கும் காட்சி திருவானைக்காவை நினைவூட்டும். மாணிக்கவாசகருக்காக நரி பரியான காட்சி மதுரையின் திருவிளையாடல் மரபைக் காட்டும். மாலை சூடிப் பார்க்கும் ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூரின் பக்கம் கை காட்டுவாள். இவை பிற ஊர்த் தேர்களிலும் வரக்கூடும் என்பதால் ஒற்றைப் பலகையை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரே அளவு, ஒரே கழுந்து, ஒரே கைவண்ணம் கொண்ட நாலைந்து பலகைகள் ஒரே தலத்தின் கதையைச் சொன்னால் அப்போது சான்று கனக்கிறது. வைணவத் தேர் என்றால் உருவத்தின் நெற்றியிலோ சங்கு சக்கரத்தின் நடுவிலோ உள்ள நாமம் வடகலையா தென்கலையா என்பதும் தேடும் பரப்பைப் பாதியாகக் குறைக்கும்.

அரும்பாவூர்: கைகளின் அடையாளம்

கும்பகோணத்திலிருந்து கொள்ளிடம் கடந்து, அரியலூர், பெரம்பலூர் வழியாகச் சாலை பச்சைமலை அடிவாரத்துக்குப் போகிறது. அங்கே அரும்பாவூர். அதன் சுற்றுவட்டாரத்திலும், மலைக்கு அந்தப் பக்கம் சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியிலும் மரச்சிற்பமே பல குடும்பங்களின் தொழில். அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குத் தேர்களும் வாகனங்களும் இப்பகுதிப் பட்டறைகளிலிருந்து போகின்றன.

தேர் செய்வோரின் மரபு பழையது. முதலாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு ஒன்று ரதகாரர் செய்யத்தக்க தொழில்களைப் பட்டியலிடும்போது, கட்டடம் எழுப்புவதோடு தேர் செய்வதையும் சேர்க்கிறது. மானசாரம் என்னும் சிற்ப நூலில் தேருக்கென்றே ஓர் அத்தியாயம் உள்ளது. ஆனால் நூல் சொல்லாத பலவற்றைப் பட்டறை சொல்லும்.

முதலில் மரம். கடைகளில் விற்கும் சிற்பங்களுக்கு வாகை, தூங்குமூஞ்சி, மாவிலங்கம், மா, வேம்பு முதலியவை பயன்படுகின்றன. தேருக்கென்றால் இலுப்பை, வேங்கை, தேக்கு. இலுப்பை கனமானது, வெயில் மழைக்கு ஈடுகொடுப்பது. வேங்கையின் வைரம் பொன்னிறமானது; ஈரம் பட்டால் மஞ்சள் கறை இறங்கும். தேக்கு உளிக்கு இணங்கும், கரையான் எளிதில் தொடாது. தூங்குமூஞ்சி தென்அமெரிக்காவிலிருந்து வந்த மரம். தேர்ச் சிற்பம் என்று சொல்லப்படும் ஒன்று அந்த மரத்தில் இருந்தால் அதன் பழமையைக் கட்டாயம் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது அளவு. சிற்பியின் அளவுகோல் முகம். அதற்குத் தாலம் என்று பெயர். முதன்மைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், அதாவது 124 அங்குலக் கூறுகள், பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். இந்த விதி எல்லாருக்கும் பொது. விதிக்கு உட்பட்டே ஒவ்வொரு பட்டறையின் கையும் தனியாகத் தெரிகிறது. உதட்டின் ஓரத்தை எப்படி முடிக்கிறார்கள், விரல்நுனி நிமிர்கிறதா மடங்குகிறதா, ஆரத்தின் மணிகளைத் தனித்தனியாகக் குடைகிறார்களா, வெறும் கீறலாக விடுகிறார்களா, உருவத்துக்குப் பின்னே எவ்வளவு ஆழம் வரை மரத்தைக் குடைந்து எடுக்கிறார்கள் என்பவை கையெழுத்துப் போன்றவை. கொட்டாப்புளியின் ஒரே சீரான தட்டலுக்கு உளி மரத்துக்குள் இறங்குவதை அரைமணி நேரம் பார்த்தவருக்கு, ஒரு பழைய பலகையில் உளி எந்தப் பக்கமிருந்து வந்தது, எங்கே நின்றது, எங்கே நழுவியது என்பது தெரியத் தொடங்கும்.

அறிவியல் சோதனைகளும் கைகொடுக்கும், வரம்போடு. மரத்தின் சிறு சீவலை நுண்ணோக்கியில் பார்த்து இனத்தை அறியலாம். பெங்களூருவில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இத்துறையில் பெயர்பெற்றது. கரிமக் காலக்கணிப்பு 1650க்குப் பிந்தைய மரங்களுக்குத் தெளிவான விடை தராது. வளிமண்டலக் கரிமத்தின் ஏற்ற இறக்கத்தால் ஒரே அளவீடு இரண்டு மூன்று காலங்களுக்குப் பொருந்தும். பெரும்பாலான தேர்ச் சிற்பங்கள் விழுவது அந்தக் காலத்துக்குள்தான். மேலும் அச்சோதனை மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லுமே தவிர, செதுக்கிய காலத்தைச் சொல்லாது. ஆகவே வடிவமும் தச்சு நுட்பமும் தரும் சான்றே இங்கே முன்னிற்கிறது.

புதுச்சேரி: புகைப்படத்தில் நிற்கும் தேர்

விழுப்புரம் வழியாகக் கடற்கரைக்கு வந்தால் புதுச்சேரி. அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கப்பட்டது. முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. தென்னிந்தியக் கோயில்களையும் படிமங்களையும் ஊர் ஊராகச் சென்று படமெடுத்து அந்நிறுவனம் சேர்த்துவைத்த புகைப்படத் தொகுப்பு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் கொண்டது. களவுபோய் வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் தென்பட்ட பல உலோகச் சிலைகளின் ஊர், இந்தப் படங்களோடு ஒப்பிட்டதால்தான் உறுதியானது.

அதே முறை மரத்துக்கும் பொருந்தும். ஒரு பழைய படத்தில் தேரின் ஒரு முகம் விழுந்திருந்தால் போதும். பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு பூதத்தின் உடைந்த கையோ, பலகையின் குறுக்கே ஓடும் பிளவோ, பொருத்தம் தவறிய விளிம்போ கண்ணில் படும். மரத்தின் ரேகை கைரேகையைப் போல. இரண்டு பலகைகளில் ஒரே மாதிரி ஓடாது. கையிலுள்ள சிற்பத்தின் பிளவும் படத்திலுள்ள பிளவும் ஒன்றானால் அது ஐயத்துக்கு இடமில்லாத சான்று.

ஒப்பிட்டுப் பார்க்க நூல்களும் உள்ளன. ராஜு காளிதாஸ் 1989இல் வெளியிட்ட, இடைக்காலத் தமிழகத்துக் கோயில் தேர்களைப் பற்றிய ஆங்கில நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. தென்னிந்திய மரச்சிற்ப மரபுகளைப் பற்றி ஜார்ஜ் மிச்செல் பதிப்பித்த தொகுப்பு 1992இல் வந்தது.

சென்னை: சீட்டும் சட்டமும்

பாதையின் கடைசி இடம் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கிய அதில் மரச்சிற்பங்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. இங்கே பலகையைவிட அதன் வரவுப் பதிவு முக்கியம். எந்த ஆண்டு, எந்த மாவட்டத்திலிருந்து வந்தது என்ற குறிப்போடு கூடிய ஒரு சிற்பம், குறிப்பே இல்லாத நூறு சிற்பங்களுக்கு வட்டாரம் சொல்ல உதவும் உரைகல். தேர் பிரியாமல் ஒரே இடத்தில் நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு டில்லி தேசிய அருங்காட்சியக வாயிலில் நிற்கும் தென்னிந்தியத் தேர் எடுத்துக்காட்டு. திருமாலுக்குரிய அந்தத் தேரில் 425 சிற்பப் பலகைகள் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன. எது எதற்குப் பக்கத்தில், எது எதற்கு மேல் என்பதை அங்கே படிக்கலாம்.

பூர்வீகத்தைத் தேடுவதற்குச் சட்டத்தின் தேவையும் உண்டு. 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொன்மைப் பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம் தொன்மைப் பொருள். அதைத் தனியார் நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. புதிய சிற்பத்தை ஏற்றுமதி செய்பவர், அது தொன்மைப் பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெறலாம். கோயில் தேர் என்பது கோயிலின் சொத்து; 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டம், கோயிலின் அசையும் பொருள்களுக்கும் பதிவேடு கேட்கிறது. பழைய தேரைப் பிரித்தபோது கழித்த மரம் என்று வெளியேறியதா, களவு போனதா என்பதற்கு விடை அந்தப் பதிவேட்டில்தான் இருக்க வேண்டும்.

ஆறு இடங்களும் சேர்ந்து தருவது ஒரே வகைச் சான்றை அல்ல. கடையில் பலகையின் முதுகு அதன் தச்சு முறையைச் சொல்கிறது. தேரடி அடுக்கைச் சொல்கிறது. கற்கோயில் காலத்துக்கு எல்லை கட்டுகிறது, தலபுராணம் ஊரின் பக்கம் திருப்புகிறது, பட்டறை கையை அடையாளம் காட்டுகிறது, புகைப்படம் முடிவாக உறுதி செய்கிறது, பதிவேடு உரிமையைத் தீர்க்கிறது. இவற்றில் மூன்று நான்கு ஒன்றோடொன்று பொருந்தினால் சீட்டில் “தென்னிந்தியா” என்பதை அடித்துவிட்டு மாவட்டத்தை எழுதலாம். எல்லாம் பொருந்தினால் ஊரையும், தேரையும், அந்தத் தேரில் அது இருந்த முகத்தையும் எழுதலாம்.

இந்தப் பாதை முழுவதையும் தேவையற்றதாக்கும் வழி ஒன்று உண்டு. அது தேர் பிரிக்கப்படும் அன்றே செய்ய வேண்டியது. உளி வைப்பதற்கு முன் எல்லா முகங்களையும் படமெடுத்து, ஒவ்வொரு பலகையின் முதுகிலும் அடுக்கு, முகம், வரிசை எண் மூன்றையும் அழியாத மையால் எழுதி, அந்தப் பட்டியலின் ஒரு படியைக் கோயிலிலும் இன்னொன்றை அரசு ஆவணத்திலும் வைத்தால் போதும். ஒரு பகல் வேலை இது. செய்யாமல் விட்டால், அதே பலகையின் ஊரைத் தேடி வேறொருவர் காரைக்குடியிலிருந்து மறுபடியும் புறப்பட வேண்டியிருக்கும்.